ஓர் அங்குல ஓரம்

இடது கை ஈரத் துணியைப் புத்தகத்தின் முதுகில் ஒற்றி ஒற்றி எடுத்தது. பழைய பசை ஊறிக் கொழகொழத்ததும், வலது கையில் இருந்த மூங்கில் பட்டை அதை மெல்ல வழித்தது. அவசரப்பட்டால் பசையோடு தாளும் உரிந்துவரும். கைகள் அவசரப்படவில்லை. முதுகு வெளுத்த பிறகு நைந்த நூலை அறுத்து, பதினாறு பதினாறு பக்கமாக மடிந்திருந்த ஃபாரங்களைத் தனித்தனியே பிரித்து மேசைமேல் வரிசையாக அடுக்கின. ஆறாவது ஃபாரம் மட்டும் இரண்டு துண்டாக வந்தது. நைந்து கிழிந்த கிழிசல் அல்ல அது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்த கிழிசல்.

"தத்துவப் புத்தகமாம்" என்று கடைக்குள் யாரும் இல்லாதபோதும் வாய்விட்டே சொன்னாள் செவ்வந்தி. "சேவல் கால பிடிச்சு இழுக்கிற மாதிரி இழுத்திருக்கானுங்க."

கும்பகோணத்தில் பெரிய கடைத்தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அவளுடைய பைண்டிங் கடை இருந்தது. வயது நாற்பத்தேழு. அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து நட்டவர்கள். அவள் பதின்மூன்று வயதில் அச்சாபீசுக்குத் தாள் மடிக்க வந்தாள். மடிப்பதும் தைப்பதும் பெண்கள் வேலை. வெட்டுக்கத்தியை ஆண்கள்தான் தொடுவார்கள். ஆண்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் கழிவுத் தாளைக் கட்டிவைத்து வெட்டிப் பழகினாள். கோணல் வந்தால் ஏன் வந்தது என்று தாளையே கேட்டாள். சொல்லித்தர வேறு ஆள் இல்லை.

அவளுக்குக் கத்தி கிடைத்ததும் ஒரு தவறினால்தான். வேம்பு என்ற பெரிய பைண்டர், தாலுகா ஆபீசிலிருந்து வந்த ஒரு பதிவேட்டின் ஓரத்தைச் சீராக்குகிறேன் என்று வெட்டி, ஓரத்தில் வரிசையாகப் போட்டிருந்த கையெழுத்துகளையும் சேர்த்து வெட்டிவிட்டார். ஒரு கிராமத்தின் கையெழுத்தெல்லாம் குப்பைக்கூடையில் கிடந்தது. மறுநாள் வேம்பு வேலைக்கு வரவில்லை. கத்தியைத் தொட மற்றவர்களுக்குத் துணிச்சலும் இல்லை. செவ்வந்தி தொட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம். வெட்டும் முன் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்ப்பாள். ஓரத்தில் கையெழுத்து இருந்தால் அந்த ஒரு தாளின் ஓரத்தை மட்டும் உள்ளே மடித்துவிடுவாள். மடிந்த தாளைக் கத்தி தொடாது. வெட்டி முடிந்ததும் அந்தத் தாள் மட்டும் மற்றவற்றைவிட அகலமாக, மடிந்தபடி புத்தகத்துக்குள் இருக்கும். இதை அவள் எந்த வாடிக்கையாளரிடமும் அனுமதி கேட்டுச் செய்ததில்லை.

இப்போது மேசைமேல் பிரிந்து கிடந்த புத்தகத்தின் பெயர் 'உடைமை என்னும் உறக்கம்'. எழுதியவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எதுவும் எவருக்கும் சொந்தமில்லை, சொந்தம் என்று நினைப்பதே தூக்கம், விழித்துக்கொள் என்பது சாரம். 'சிந்திப்பவர் எழுதுவதற்காக அகலமாக ஓரம் விட்டிருக்கிறேன்' என்று முன்னுரையில் வேறு சொல்லியிருந்தார். அதுதான் வினை. ஓடைமங்கலத்துப் படிப்பகத்துக்கு இந்தப் புத்தகம் வந்த மூன்று மாதத்தில் ஊரில் பாதிப் பேர் விழித்துக்கொண்டார்கள். மீதிப் பேர், விழித்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். விழித்த ஒருவர், குடை என்று தமக்கு எதுவும் இல்லை என்று அறிவித்துவிட்டு, மழை வந்ததும் படிப்பகத்தில் மாட்டியிருந்த வேறொருவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். இன்னொருவர் வீடும் மனைவியும் மாயை என்று கிளம்பி, சாப்பாட்டு வேளைக்குத் திரும்பி வந்தார்.

கடைசியில் படிப்பகத்திலேயே ஒரு கூட்டம் போட்டார்கள். எதுவும் யாருக்கும் சொந்தமில்லை என்றால் குத்தகைக்காரன் நிலத்துக்கு உரிமை கேட்கக் கூடாது என்றார் மிராசுதார் பஞ்சநாதன். மிராசுதாரும் கேட்கக் கூடாது, அதனால் அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றான் படிப்பகச் செயலாளர் தியாகு. அப்போது ஆளுக்கொரு கையாகப் பிடித்ததில்தான் புத்தகம் கிழிந்தது.

கிழிந்ததைக் கரைவேட்டி கட்டிய தியாகுதான் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.

"அக்கா, இது என் வாழ்க்கையையே மாத்துன புத்தகம். பாத்துப் பண்ணுங்க."

"அதுக்கு முன்னாடி என்னவா இருந்தே?"

"படிப்பகச் செயலாளர்."

"இப்ப?"

தியாகு கொஞ்சம் யோசித்தான். "படிப்பகச் செயலாளர்தான். ஆனா உள்ளுக்குள்ள மாறிட்டேன்க்கா."

"உள்ளுக்குள்ள மாறினா எனக்கெப்படித் தெரியும்? தையல் விட்டா வெளியில தெரியுது" என்றாள் செவ்வந்தி.

அவன் போனபின் வழக்கப்படி தாள் தாளாகப் புரட்டினாள். அச்செழுத்தைவிட ஓரத்தில்தான் கூட்டம். 'உன்னுடையது என்று நீ சொல்லும் பொருளிடம் கேட்டுப்பார். அதற்கு உன்னைத் தெரியாது' என்ற வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'இதுவே சமதர்மம்!' என்று இருந்தது. அது தியாகுவின் மை. அதன்கீழே பென்சிலில், 'நம் பெரியவர்கள் சொல்லாததா?' மறுபடி சிவப்பில், 'எந்தப் பெரியவர்?' மறுபடி பென்சிலில், 'உன்னைப் பெற்றவரைக் கேள்.' இன்னொரு பக்கத்தில் ஊதா மைக்காரர் ஒருவர், 'ஆசிரியருக்குச் சொந்த வீடு உண்டா?' என்று கேட்டிருந்தார். 'மூன்று' என்று வேறொருவர் பதில் எழுதியிருந்தார்.

பச்சை மை பஞ்சநாதனுடையது. கெசட்டட் ஆபீசர்கள்தான் பச்சையில் எழுதுவார்கள் என்பதால் அவருக்கு அந்த மை பிடித்துப்போயிருந்தது. முதல் ஐம்பது பக்கத்துக்குள் 'ஆகா' என்று மட்டும் பதினொரு இடத்தில் எழுதியிருந்தார். நூற்று நாற்பதாம் பக்கத்தில்தான் செவ்வந்தியின் விரல் நின்றது. அங்கே ஓரம் முழுக்கப் பொடியெழுத்து:

'ஆற்றோரம் பத்து மா நிலத்தைப் பதினான்கு வருஷமாக உழுது சாகுபடி செய்கிறவன் கோவிந்தராசு. குத்தகை நெல்லை அளக்கிறவன் அவன். ஒரு ரசீதும் நான் கொடுத்ததில்லை. இது யார் நிலம் என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை.' கீழே தேதி போட்டு, வால் நீட்டி, பஞ்சநாதன் என்று கையெழுத்து.

ஆளுக்கு ஆள் எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டிருந்தவர் இவர் ஒருவர்தான்.

மறுநாள் கோவிந்தராசு வந்தார். அறுபதைத் தொட்ட மனிதர். வாசற்படியோரம் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுத்தான் உள்ளே வந்தார். செவ்வந்திக்கு அது பிடிக்கவில்லை.

"படியில துப்பாதீங்கண்ணே. என்ன வேணும்?"

"நம்ம படிப்பகத்துப் பொஸ்தகம் இங்க இருக்காம்மா? பச்சை எழுத்து இருக்குமே, அது இருக்கா?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"எழுதின அன்னிக்கு அவரே களத்து மேட்டுல நின்னு எங்களுக்குப் படிச்சுக் காட்டினாரும்மா. கண்ணுல தண்ணி வேற. ஒரு வாரம் காப்பி குடிக்கலே, பாயில படுத்தாரு. அப்புறம் குத்தகைப் பதிவு நோட்டீசு வந்துச்சு, கட்டிலுக்குப் போயிட்டாரு."

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெயர் ஏறிவிட்டால் நினைத்தபோது நிலத்தைவிட்டு இறக்க முடியாது. பெயர் ஏற ஆதாரம் வேண்டும். மிராசுதார்கள் ரசீது கொடுப்பதில்லை. ரசீது இல்லாதவர்களை அந்தப் போகத்திலேயே பலர் வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். அறுவடைக்குப் போலீஸ் வேன் வரப்போரம் நின்ற காலம் அது. வியாழக்கிழமை ஓடைமங்கலம் படிப்பகத்தில் அதிகாரி விசாரணை வைத்திருந்தார்.

"அந்த எழுத்து ஒண்ணுதாம்மா என்கிட்ட இருக்கு. அதுவும் என்கிட்ட இல்ல, பொஸ்தகத்துல இருக்கு" என்றார் கோவிந்தராசு.

"புத்தகம் எப்படி? உங்களுக்கும் படிச்சுக் காட்டினாங்களே."

"யாருக்கும் எதுவும் சொந்தமில்லேங்கிறான். வவுறு மட்டும் அவங்கவங்களுக்குத்தானே?" என்று சொல்லிவிட்டு, இந்தமுறை தெருவுக்குப் போய்த் துப்பினார்.

அன்று பிற்பகல் சந்தின் வாயை அடைத்துக்கொண்டு பஞ்சநாதனின் கார் நின்றது. கடையில் நாற்காலி இருந்தும் அவர் உட்காரவில்லை. கடை அவருக்கு உட்காரும் இடமாகப் படவில்லை.

"ஏம்மா, ஓடைமங்கலத்துப் புத்தகம் உன்கிட்டதானே இருக்கு? ஓரமெல்லாம் ஒரே கிறுக்கல். சுத்தமா ஒரு அங்குலம் எடுத்துடு."

"அதுல ஐயா எழுதினதும் இருக்குங்க."

"இருக்கட்டும். எழுதினதும் எனதில்லே. அந்தப் பற்றையும் விட்டாச்சு."

"நிலத்தையுங்களா?"

பஞ்சநாதன் அவளைப் பார்த்தார். "பஞ்சாயத்து யூனியன்ல இருக்கிற அத்தனை படிப்பகமும் பள்ளிக்கூடமும் உன்கிட்ட பைண்டிங்குக்கு வருதுன்னா, யார் சொல்லி வருது?"

"ஐயா சொல்லித்தாங்க."

"அவ்வளவுதான். நானே ஆபீசர்கிட்ட சொல்லியிருக்கேன், அப்படி எந்த எழுத்தும் கிடையாது, வேணும்னா புத்தகத்தையே வரவழைச்சுக் காட்டுறேன்னு. வியாழக்கிழமை நீயே கொண்டாந்து ஆபீசர் கையில குடு."

"புத்தகம் கொண்டுவந்தவரு தியாகு. அவர் சொன்னா ஓரம் எடுத்துடுறேங்க" என்றாள் செவ்வந்தி.

தியாகு மாட்டேன் என்பான் என்றுதான் அவள் நினைத்தாள். மிராசுதார் ஒன்று சொன்னால் எதிராக ஒன்று சொல்வதே அவன் கொள்கை. மறுநாள் காலையில் வந்தவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஒரு அங்குலம் எடுத்துடுங்கக்கா."

"ஏன் தம்பி?"

"எழுபத்திரண்டாம் பக்கத்துல நான் ஒண்ணு எழுதிட்டேன்."

அவள் பார்த்திருந்தாள். 'இதை எங்கள் கட்சி மாவட்டச் செயலாளருக்கு யாராவது படித்துக் காட்டுங்கள். அவராகப் படிக்க மாட்டார்.'

"அடுத்த பஞ்சாயத்துத் தேர்தல்ல எனக்கு ஒரு வாய்ப்பு இருக்குக்கா. இது யார் கண்ணுலயாவது பட்டா..."

"அப்ப கோவிந்தராசு?"

"அவருக்குக் கட்சி மூலமா வேற ஏற்பாடு பண்ணுவோம்."

"என்ன ஏற்பாடு?"

"பேசணும்" என்றான் தியாகு. "பேசினா வழி கிடைக்கும்."

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது. வாழ்க்கை மாறிய இரண்டு பேர். ஒருவரோடொருவர் பேச மாட்டார்கள். ஒரே புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இப்போது ஒரே அங்குலத்தை வெட்டச் சொல்கிறார்கள்.

"சரி, எடுத்துடுறேன்" என்றாள்.

அன்றே தைத்தாள். கிழிந்த ஃபாரத்தை மெல்லிய தாள் ஒட்டிச் சேர்த்து, ஒவ்வொரு ஃபாரமாக நடு மடிப்பில் ஊசி விட்டு நாடாவோடு பிணைத்தாள். முன்பு தைத்தவன் மூன்று இடத்தில் குத்தியிருந்தான். அவள் ஐந்து இடத்தில் குத்தினாள். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையை முதுகில் தடவிக் காயவிட்டாள். பசை காயும்வரை அவளுக்கு வேறு வேலை இல்லை.

யூனியன் வேலை போனால் என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை அட்டை, கடைக்காரர்களின் பேரேடு, கல்லூரிப் பையன்களின் நோட்டு. வருஷத்தில் பாதி நாள் கத்தி சும்மா இருக்கும். கோவிந்தராசு அவளுக்கு உறவில்லை. நல்ல மனிதர் என்றும் தோன்றவில்லை. புத்தகமும் அவளை எங்கேயும் எழுப்பவில்லை. அவள் காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறவள். ஆனால் வேம்பு வெட்டிய பதிவேட்டின் துண்டுகளைக் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கியவள் அவள்தான். விரலகலத் துண்டுகளில் பாதிப் பாதிப் பெயர்கள் இருந்தன. எந்தப் பாதி எந்தப் பாதியோடு சேரும் என்று மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தும் ஒரு பெயர்கூட முழுதாகவில்லை.

பசை காய்ந்ததும் நூற்று நாற்பதாம் பக்கத்தை விரித்தாள். ஓரத்தை ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே மடித்து, மூங்கில் பட்டையால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள். பிறகு புத்தகத்தை அழுத்துப் பொறியில் வைத்து முறுக்கி, ஓர் அங்குலம் அளந்து, கத்தியை ஓட்டினாள். சமதர்மம் உதிர்ந்தது. பெரியவர்கள் உதிர்ந்தார்கள். மாவட்டச் செயலாளரும் பதினொரு ஆகாவும் ஆசிரியரின் மூன்று வீடும் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தன. அவற்றைப் பெருக்கி அள்ளியபோது ஒரு முறம்கூட நிறையவில்லை.

வியாழக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் ஓடைமங்கலம் போனாள். படிப்பகத்தில் கேரம்போர்டு மேசைக்குப் பின்னால் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் பஞ்சநாதன். சுவரோரம் தியாகு. வாசலுக்கு வெளியே குத்தகைக்காரர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். கோவிந்தராசு முன்னால் நின்றார். வாயில் வெற்றிலை இல்லை.

"இதோ வந்துடுச்சு" என்றார் பஞ்சநாதன். "ஆபீசர் அவர்களே, நான் எழுதிக் குடுத்தேன்னு இவன் சொல்ற புத்தகம் இதுதான். தாராளமாப் பாருங்க. ஏம்மா, ஓரம் எடுத்தாச்சில்லே?"

"சொன்னபடி ஒரு அங்குலம் எடுத்தாச்சுங்க."

"எல்லாத்துலயும்?"

"கையெழுத்துப் போட்ட தாளை நாங்க வெட்டறதில்லீங்க. தொழில்ல அது பழக்கம் இல்ல."

பஞ்சநாதனின் கை மேசையைத் தாண்டி நீண்டது. "குடு இங்க."

"ஆபீசர் கையில குடுக்கச் சொன்னீங்களே ஐயா" என்றாள் செவ்வந்தி. அவர் கைக்கு எட்டாமல் சுற்றிப் போய், மேசையின் மறுபக்கத்தில் நின்றாள்.

"நூத்தி நாப்பதாம் பக்கத்துல ஓரம் உள்ள மடிஞ்சிருக்கும். விரிச்சுப் பாத்துட்டு, இருந்த மடிப்புலயே மடிச்சு வச்சுடுங்க சார், இல்லேன்னா தாள் நைஞ்சுபோவும்" என்று சொல்லி, சிவப்புக் காலிகோ துணி ஒட்டிய புத்தகத்தை இரண்டு கையாலும் அதிகாரியிடம் கொடுத்தாள்.