ஜெபித்துக் கொடுத்த பிரம்பு

இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது யாதெனில், குமணன்சாவடியில் உள்ள எங்கள் அடுக்ககத்து லிஃப்ட், பல வாரக் கோமாவுக்குப் பின் வியாழன் காலை உயிர்த்தெழுந்தது. முதல் பயணியாக ஏறிய பெருமை அடியேனுக்கே. மூன்றாம் மாடியில் கதவு திறந்தபோது என் வகுப்புத் தோழன் அபிஷேக் செருப்பில்லாமல் நின்றிருந்தான்.

"மச்சான், அம்மா எழுந்துக்கவே இல்லடா."

ஜெபசீலி ஆன்ட்டி தூக்கத்திலேயே போய்விட்டார்கள். மாரடைப்பு என்றார் மருத்துவர்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அபிஷேக்கின் அம்மாவான ஆன்ட்டி வார நாட்களில் பூந்தமல்லியில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். ஞாயிறுகளில் எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. உரக்கச் சிரிப்பார்கள், அதைவிட உரக்கத் திட்டுவார்கள். திட்டில் பெரும்பங்கு எனக்குத்தான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு, பிள்ளைகளின் பைகளைப் பீடத்தின் முன் வைத்து ஜெபிப்பார்கள். கூடவே சபைப் பள்ளிக்கான புதுப் பிரம்புகளையும். அந்தப் பிரம்புக் கட்டை வாங்கி வந்து ரிப்பன் கட்டி வைப்பது ஆன்ட்டியின் பொறுப்பு. ஒரு வருடம் அதைக் கீபோர்டு பெட்டிக்குள் ஒளித்தேன். காதைப் பிடித்துவிட்டார்கள்.

"இன்னாடா கொரங்கு, ஜெபத்துக்கு வெச்ச பொருள்ல வெளாட்றியா?"

"இல்ல ஆன்ட்டி, அதுவும் லீவு கேட்டுச்சு."

சிரித்துக்கொண்டேதான் மறுபடி பீடத்தில் வைத்தார்கள்.

அந்த வருடம்தான், வீட்டுப்பாடம் எழுதாத அபிஷேக்கைச் சபைப் பள்ளித் தலைமையாசிரியர் கனகராஜ் சார் அடித்தார். கை கனம் என்பதால் எங்களுக்கு அவர் கனக்கைராஜ். அபிஷேக் கையை இழுக்க, பிரம்பு சுண்டுவிரல் மூட்டில் இறங்கியது. இன்றுவரை அந்த விரல் மடங்குவதில்லை. கட்டுப் போட்டு அழைத்து வந்த மாலையில் ஆன்ட்டி சமையலறையில் நின்றபடியே சொன்னார்கள்: "நான் ஜெபிச்சுக் குடுத்த பிரம்புடா அது."

அடுத்த வருடம் ஆன்ட்டி பிரம்பு வாங்கவில்லை. சபை மூப்பருமான கனகராஜ் சாரே கொண்டுவந்தார். ஆன்ட்டி எழுந்து போய்ப் பிரம்புக் கட்டை எடுத்துத் தரையில் வைத்தார்கள்.

"பைய மட்டும் வெச்சு ஜெபிப்போம், சார்."

"வேதத்துலயே பிரம்பு இருக்கு, சிஸ்டர். அடிக்கிறதும் அன்புதான். வேதத்தை நீங்க திருத்தப் போறீங்களா?"

"இயேசு கிட்ட பசங்க ஓடி வந்தாங்களே, சார். கையில பிரம்போட நின்னிருந்தா வந்திருப்பாங்களா?"

போதகர் அவசரமாக "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது கட்டு மறுபடி பீடத்தில் இருந்தது. ஜெபத்தில் கண் மூடும் பழக்கம் எனக்கில்லை. எடுத்து வைத்தது சார்தான்.

அடுத்த மாதமே ஓய்வுநாள் பள்ளியிலிருந்து ஆன்ட்டியை நீக்கினார்கள். நண்பர்களாக இருந்த பலர் பேச்சை நிறுத்தினார்கள். ஆன்ட்டியோ என்னிடம், "வருசா வருசம் கேப்பேன்டா, பதில் வர்ற வரிக்கும்" என்றார்கள். இந்த வருட ஜெபத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது போய்விட்டார்கள்.

அடக்க ஆராதனையில் கனகராஜ் சார், "அமைதியான, பணிவான சகோதரி" என்று பேசினார். பெட்டியிலிருந்து ஆன்ட்டி எழுந்து திட்டாததுதான் அவர்கள் உண்மையாகவே இறந்துவிட்டதற்கு எனக்குக் கிடைத்த சாட்சி.

இறந்தவரைப் பற்றிச் சாட்சி சொல்லும் நேரத்தில் ஆன்ட்டியின் கேள்வியைச் சார் முகத்தைப் பார்த்தே கேட்பேன் என்று வாலிபர் சங்கம் முழுக்க மார்தட்டியிருந்தேன். அபிஷேக்கிடமும் சொல்லியிருந்தேன். அவன் அதற்காகவே தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

மைக் கைக்கு வந்தது. முதல் வரிசையிலிருந்து சார் என்னைப் பார்த்தார்.

"ஆன்ட்டி செய்ற கேக் ரொம்ப நல்லா இருக்கும்" என்றேன்.

அவ்வளவுதான். இருக்கைக்குத் திரும்பிய பிறகுதான் கவனித்தேன், என் இடது கை முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

போய் வாருங்கள், ஆன்ட்டி. வரும் ஞாயிறு ஜெபம். கேட்பேன் என்று இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை.