மாத்திரைக்கும் சேர்த்து அளவெடுத்தவன்

மற்ற ஊர்த் தையல்காரனுக்கு இடுப்பளவு தெரிந்தால் போதும். மனநோய் ஆஸ்பத்திரிக்கு எதிரே கடை போட்டவன், வந்தவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்றும் கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுக்க வேண்டும். வேலூரில் அப்படி ஒரு கடை வைத்திருந்தேன். எதிர்க்கடையைப் பார்த்து வயிறு எரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஊசி போட்ட காலம்

ஆரம்பத்தில் மாத்திரை கிடையாது, ஊசிதான் வைத்தியம். காலையில் இன்சுலின் ஊசி போட்டு மயங்க வைப்பார்கள், பிறகு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்புவார்கள். எழுந்த ஆள் பசி பசி என்று பறப்பான். குடியாத்தத்து நெசவாளி ஒருவர், தன் தறியில் நெய்த லுங்கியே இடுப்பைச் சுற்றி வரவில்லை என்று என்னிடம் ஒட்டுப்போட வந்தார்.

அப்போது தெருவில் தையல்காரன் நான் ஒருவன்தான். ராஜா மாதிரி இருந்தேன். பிறகு எதிரே பாஷா வந்து மிஷின் போட்டான். போட்ட அன்றே என் முக்காலியில் வந்து உட்கார்ந்து சொன்னான்: "கோச்சிக்காதண்ணே. இங்க வர்றவங்க பசிக்கு ஒரு கடை பத்தாது."

ஆம்பூர் கோவிந்தன்

ஐம்பதுகளின் கடைசியில் மாத்திரை வந்தது, அந்த ஊசி நின்றது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்த கோவிந்தனை அவன் மனைவி ராஜம்மா கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் வீட்டாள் ஒருவர் கூடவே தங்கிச் சமைத்துப் போட வேண்டும். கோவிந்தன் அப்போது கொடியில் காயப்போட்ட துணி போல இருந்தான். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சுவரோடு பேசுவான். மாத்திரை ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு அடங்கியது, பசி கிளம்பியது. கையிலிருக்கும் களியை முழுங்குவதற்குள் "இன்னும் இருக்கா?" என்பானாம். தீபாவளிக்கு நான் தைத்த சட்டை பொங்கலுக்குப் பித்தான் தெறித்தது. ராஜம்மா அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்: "புத்தி திரும்பி வந்துடுச்சிண்ணே. சட்டைதான் பத்தல."

உள்துணி

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தையலுக்குள்ளே நான்கு விரல் துணி மடித்து விட்டேன். உடம்பு ஏற ஏறப் பிரித்துவிடலாம். பாஷா ஒரு விரல்கூட விடமாட்டான். அவன் சட்டையெல்லாம் கிழியும், ஜனம் காறித் துப்பும் என்று காத்திருந்தேன்.

கிழிந்தது. சட்டை கிழிந்தவர்கள் எல்லாரும் அவனிடமே புதுசு தைத்தார்கள். என்னிடம் தைத்தவர்கள் மடிப்பைப் பிரித்துவிட்டுக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். அவன் கடைக்கு இரண்டாவது மிஷின் வந்தது. என்னுடையது பாதி நாள் சும்மா கிடந்தது. ஒருநாள் தெருவைத் தாண்டி வந்து, கரிசனமாகவே கேட்டான்: "ஒரே சட்டையில மூணு சட்டைய வெச்சித் தெச்சிட்றியேண்ணே, அப்புறம் அவங்க எதுக்கு உன் கடை ஏறணும்?"

வார்டு ஆர்டர்

வார்டில் எல்லாருக்கும் ஆஸ்பத்திரியே துணி தைத்துக் கொடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால் கடை நிலைக்கும். இல்லாவிட்டால் மூடிவிட்டு மாமியார் ஊரான காவேரிப்பாக்கத்துக்குப் போக வேண்டியதுதான். பித்தான், பட்டி, உள்துணி எல்லாம் வைத்து ஒரு கால்சட்டை தைத்துக்கொண்டு போனேன். பாஷா நாடா கோத்த பைஜாமா ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தான். கோவிந்தனைக் கூப்பிட்டு இரண்டையும் போட்டுப் பார்த்தார்கள். அவன் அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தான். என் பித்தான் பூட்டவில்லை, பாஷாவின் நாடா இளகிக் கொடுத்தது.

டாக்டருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்த மாத்திரை பசியை ஏற்றும், எடையை ஏற்றும், சிலருக்குச் சர்க்கரையையும் ஏற்றும் என்றார். என் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைத்தான் பார்த்தார்: "வேலை சுத்தமா இருக்கு மேஸ்திரி. ஆனா இவங்க சாப்ட்டு எழுந்துக்கிறப்ப எல்லாம் உங்களைக் கூப்பிட முடியாதே."

நாடா

ஆர்டர் பாஷாவுக்குப் போனது. கோவிந்தனுக்கும் சர்க்கரை வந்தது. முன்பு மற்றவர்களை மயங்க வைக்கப் போட்ட அதே இன்சுலினை இப்போது இவனுக்குச் சர்க்கரைக்குப் போட்டார்கள். மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தார்கள், சோற்றையும் குறைத்தார்கள். உடம்பு லேசாக இறங்கியது. பிடித்துத் தைக்க என்னிடம்தானே வரவேண்டும் என்று பார்த்திருந்தேன். அவன் நாடாவை ஒரு இழுப்பு இழுத்துக் கட்டிக்கொண்டு நடந்தான்.

என்னால் தாங்க முடியவில்லை. அது என்ன பைஜாமாவா, சாக்குப் பையா என்று ராஜம்மாவிடம் கேட்டே விட்டேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "சாக்கா இருந்தா இன்னாண்ணே. ஒல்லியா இருந்தப்போ என்னப் பாத்து நீ யாருன்னு கேட்டாரு."

வந்தவர்களுக்கெல்லாம் நான்கு விரல் இடம் விட்டுத் தைத்த நான், கடையை மூடி காவேரிப்பாக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்றுவரை, பாஷாவுக்கு மட்டும் மனசில் அரை விரல் இடம் விடவில்லை.