முனியாண்டி கோயில் மலைப்பாம்பு

"பாம்பு பார்க்கவா பாஸ்போர்ட்டு?" என்று விமான நிலையம் வரைக்கும் தலையில் அடித்துக்கொண்டே வந்தாள் என் மனைவி. அவளுக்கு என்ன தெரியும்! எடையில் தென் அமெரிக்காவின் அனகொண்டா பெரியது. நீளத்தில், உடம்பெல்லாம் வலை வலையாகக் கோடு போட்ட தென்கிழக்கு ஆசிய மலைப்பாம்புதான் உலகத்திலேயே முதல். அனகொண்டாவுக்கு என் சம்பளம் எட்டாது. மலேசியாவின் ஜொகூருக்கு எட்டியது.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஜொகூர் பாருவிலிருந்து கணேசனின் வாடகைக் காரில் கிளம்பினோம். பாம்பு வீடியோ ஒன்றின் கீழே கமெண்டில் பேசிப் பேசி எனக்குப் பழக்கமானவர் அவர். கிழக்குக் கடற்கரை ஊரான மெர்சிங் சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர். அதற்கு முன்பே பிரிகிற மண்சாலையில், அவருடைய அக்கா லெட்சுமி வேலை செய்யும், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம். கோத்தா திங்கி தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை, செம்பனை, செம்பனைதான். உள்ளே போகப் போகப் பறவைச் சத்தம்கூட இல்லை.

மதியம் இரண்டு மணி. போன உடனே யோகம் அடித்தது. முனியாண்டி கோயிலுக்குப் பின்னால், ஆலமரத்தடி வாய்க்காலில் மலைப்பாம்பு! தோட்ட நிர்வாகம் அழைத்த பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்புப் படையினர், ஆறு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள். அளந்தால் ஐந்தரை மீட்டர். என் தொடை கனம். கண் இமைக்காமல் என்னையே பார்த்தது. பார்க்கத்தானே வந்தோம் என்று நானும் பார்த்தேன். ஒரு நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை. சாக்கில் கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாலை ஆறரைக்கு லெட்சுமி வந்தார். கணவரை ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வருகிறார். கையில் வெள்ளைச் சேவல்.

"முனிக்கு லா," என்றார் என்னிடம், அந்த ஊர் வழக்கப்படி 'லா' சேர்த்து. "பொழுது சாயறப்ப ஆலமரத்து வேருல கட்டிட்டு, திரும்பிப் பாக்காம வந்துடணும். காலைல கயிறு அறுந்து கெடந்தா அவரு ஏத்துக்கிட்டாருன்னு அர்த்தம். எங்க கல்யாணத்துல இருந்து ஒரு தடவகூட அவரு ஏத்துக்காம இருந்ததில்ல."

"ஏத்துக்கலைன்னா?"

"நாளைக்கி டாக்டருக்குப் பதில் சொல்லணும். சேவல் அங்கயே நின்னா, இவருக்கு நெஞ்ச அறுக்க விட மாட்டேன். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவேன்."

அவர் கோயில் பக்கம் போனதும் கணேசன் என் கையைப் பிடித்தார்.

"அலமாக், ஐயையோ! இத்தன வருசமா சேவல முழுங்கினது யாரு அண்ணே? அதத்தான மத்தியானம் தூக்கிட்டுப் போயிட்டாங்க!"

"உள்ளதைச் சொல்லிவிடலாமே."

"அக்கா நம்பாது. ஆபரேஷன் பண்ணலைன்னா மச்சான் பொழைக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அக்கா எழுந்திரிக்கிறதுக்குள்ள போயி நாமளே சேவல அவுத்துடுவோம்."

எனக்கு அந்தத் திருட்டு வேலை பிடிக்கவில்லை. ஆனால் ஒரு மனுஷன் உயிராயிற்றே!

செவ்வாய்க்கிழமை விடியுமுன்பே இருவரும் போனோம். தனியாகப் போக அவருக்குப் பயம். அவருடன் போக எனக்கும் பயம். பனிமூட்டத்தில் டார்ச் வெளிச்சம் பத்தடிகூடப் போகவில்லை. ஆலமர வேரைச் சுற்றி மஞ்சள் கயிறு இருந்தது. ஒரு சாண் நீளத்தில் அறுந்திருந்தது. சேவல் இல்லை.

"நீங்க முன்னாடியே வந்துட்டீங்களா?" என்றார் கணேசன்.

"நான் எங்கே வந்தேன்? உங்கள் கூடத்தானே வந்தேன்!"

டார்ச்சைத் தாழ்த்தினார். வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணில் ஒரு தடம், வேரிலிருந்து செம்பனைகளுக்குள்ளே வழவழவென்று போயிருந்தது. என் செருப்பைக் கழற்றித் தடத்துக்குக் குறுக்கே நீளவாக்கில் வைத்துப் பார்த்தேன். அப்போதும் தடம் இருபுறமும் மிச்சமாக இருந்தது. நேற்றுப் பார்த்தது இதில் பாதிகூட இருக்காது. அக்கா கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று கணேசன் கிடுகிடுவென்று காலாலேயே தடத்தை அழித்தார்.

லெட்சுமி வந்தார். அறுந்த கயிற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓவென்று அழுதார். அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "அறுக்கச் சொல்லுங்க லா," என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

திரும்பும் வழியில் கோத்தா திங்கியில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கினோம்; இருவரும் குடிக்கவில்லை. எங்கள் ஊரில் சாரைப்பாம்பு வந்தாலே தெருவே கூடி நின்று கதை பேசும். இங்கே கணேசன் காசைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

உலகத்திலேயே பெரிய பாம்பைப் பார்த்தாயா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை, அந்தத் தோட்டத்தில் இரண்டாவது பெரியதைத்தான் பார்த்தேன் என்கிறேன்.