அம்மா வயிற்றில் இருந்த கல்

காய்கறிக் கொட்டகைக்குப் பின்னால் இந்தத் தகர அறையில் நாம் ஏன் இருக்கிறோம் என்று கேட்டீர்கள். இங்கே வந்தபோது உங்களுக்கு விவரம் தெரியாத வயது. எழுதி வைக்கிறேன்.

முன்பு தேயிலைத் தோட்டத்தில் லைன் வீட்டில் இருந்தோம். அது உங்கள் அம்மா கொழுந்தெடுப்பதற்காகக் கொடுத்த வீடு. நான் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுபவன். அம்மா வேலை செய்யும்வரைதான் வீடு நமக்கு.

அம்மாவுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. கியா பார்ம் கடைகளில் விற்காமல் கிடக்கும் பீசாங் காக்கிப் பழத்தை வாங்கி வருவாள். தக்காளி மாதிரி இருக்கும். பழுக்காவிட்டால் வாயெல்லாம் துவர்க்கும்.

"இனிச்சாதானே சீக்கு வரும்? இது துவர்ப்பு லா, உடம்புக்கு நல்லது," என்று தோலோடு உப்புத் தொட்டுத் தின்பாள்.

பிறகு தின்றதெல்லாம் வாந்தி. தோட்டத்து கிளினிக்கில் வயிற்றை அமுக்கிப் பார்த்து, கட்டி தட்டுப்படுகிறது என்று ஈப்போவுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரி கஞ்சியோடு வந்தாள்.

"கட்டியாமே அண்ணே? புத்துதான். எங்க சித்திக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு."

"பெரிய டாக்டர் இன்னும் பாக்கலையே, தங்கச்சி."

"பாத்து என்ன லா செய்யப் போறாரு?"

அந்தப் பேச்சு, தோட்டத்துக் கணக்கையும் வீடுகளையும் பார்க்கும் கிராணியின் ஆபீஸ்வரைக்கும் போயிருக்கிறது.

ஈப்போவில் கேமரா வைத்த குழாயை வாய்வழியே இறக்கினார்கள். டாக்டர் திரையைக் காட்டினார். கறுத்த உருண்டை ஒன்று வயிற்றுக்குள் கிடந்தது.

"புத்து இல்லைங்க. பழத்துச் சக்கை உறைஞ்சு கல்லாயிருக்கு. இனிப்புநீர் உள்ளவங்களுக்கு வயிறு மெதுவாத்தான் வேலை செய்யும். அந்தக் காய் உள்ளேயே தங்கிடுச்சு."

மருந்து என்ன தெரியுமா? சீனி இல்லாத கோலா! குடிக்கக் குடிக்கக் கல் இளகியது. மறுபடியும் குழாய் விட்டு உடைத்து எடுத்தார்கள்.

"பிள்ளைங்க கேட்டா அதட்டுவீங்க, எனக்கு மட்டும் சோடாவா?" என்று அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் மலை ஏறி வந்தோம்.

நம் சட்டிபானை, மெத்தை, உங்கள் தொட்டில் எல்லாம் வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. உள்ளே வேறு ஆட்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஆபீசுக்கு ஓடினேன்.

"ஏம்பா, பொழைக்காதுன்னுல்ல சொன்னாங்க?" என்றார் கிராணி. "புது ஆளுங்க வந்து எறங்கிட்டாங்க. நான் எங்க படுக்க வைக்கிறது?"

"பொழைச்சு வந்து நிக்கிறாளே, ஐயா."

"வேலைக்கு வரட்டும். யார் வேணாம்னா? வீடுதான் இல்ல."

அம்மா இன்னும் அதே தோட்டத்தில்தான் கொழுந்தெடுக்கிறாள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி எங்களைக் கண்டால் ஓடி வந்து, "கும்பிட்ட சாமி கைவிடல அக்கா," என்கிறாள். அம்மா சிரித்துப் பேசுகிறாள். நான் மோட்டாரை விட்டு இறங்குவதில்லை.