பத்தாம் நம்பர் மலையும் ஒரு தண்ணீர்ப் போத்தலும்

1. குளிர் காய்ச்சல்

புஷ்பராணியை அவளுடைய புருஷன் கைத்தாங்கலாகக் கிளினிக் அறைக்குள் கொண்டுவந்தபோது அவளுக்குப் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. ஆறு மாதக் கர்ப்பம். உடம்பு கொதித்தது. விலாவுக்குக் கீழே முதுகில் லேசாகத் தட்டினேன். "அம்மா!" என்று துள்ளினாள். சிறுநீரில் இருந்த தொற்று சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவளுடைய முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. அப்போதும் இதே எரிச்சல், இதே காய்ச்சல்.

"மிஸ், இதுவும் போயிருமா?" என்று கேட்டாள்.

"வாயக் கழுவு. மொதல்ல ஆட்டோவுல ஏறு" என்றேன். தைரியத்தில் சொன்னது இல்லை, பயத்தில் சொன்னது.

நானுஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் மருத்துவிச்சியாக இருந்தேன். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தோட்டம் முழுக்கச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த வாய் ஒரே ஒரு முறைதான் சரியான இடத்தில் உதவியது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று அதை எழுதுகிறேன்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஆறு நாள் அவளுக்கு மருந்து ஏற்றினார்கள். இப்படித் தொற்று முற்றினால் கர்ப்பப்பை முன்கூட்டியே இறுகத் தொடங்கிவிடும். அவளுக்கும் இரண்டு நாள் வயிறு இறுகி இறுகி விட்டது. பிறகு அடங்கியது. வீட்டுக்கு வந்ததும் நான் வழக்கமான பிரசங்கத்தைச் செய்தேன். எரிச்சல் நின்றாலும் மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது. முடிந்ததும் மறுபடி சிறுநீரைச் சோதிக்க வேண்டும். அடக்கி வைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டும். ஒன்றரை லீட்டர் போத்தல் ஒன்றையும் கையில் கொடுத்தேன். கார்டில் "நீர் அதிகம் அருந்தவும்" என்று சிவப்பில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த வாக்கியத்தை எத்தனை கார்டுகளில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று பேர் வேறு.

2. நிறைந்த போத்தல்

இரண்டு வாரம் லயத்து வீட்டில் இருந்துவிட்டு மறுபடி கொழுந்து பறிக்கப் போனாள். ஒருநாள் வேலை விட்டு வரும் பாதையில் அவளை மறித்துப் பையிலிருந்த போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். கனத்தது. ஒரு மிடறுகூடக் குறையவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒனக்குப் புள்ள வேணுமா வேணாமா?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கூட வந்த தங்கமணிதான் வாய் திறந்தாள். அவளும் அதே கேங்கில் கொழுந்து பறிப்பவள்.

"ஏசுறது லேசு மிஸ். ஒரு நாளைக்கு எங்ககூட மலைக்கு வந்து பாருங்க."

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. வீட்டுக்குப் போனதும் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். அந்த வருடம் சிறுநீர்த் தொற்று வந்த கர்ப்பிணிகள் நாலு பேர். நாலு பேரும் ஒரே கேங். தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர் உண்டு; நாலு பேரும் பத்தாம் நம்பர் மலையில் வேலை செய்தவர்கள். புத்தகம் என் மேசையில்தான் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

3. மலையில் நான் பிடித்த பிடி

மறுநாள் காலை ஏழரைக்கு அவர்களோடு ஏறினேன். எப்படிக் குடிப்பதென்று காட்டித் தருகிறேன் பேர்வழி என்று ஒரு போத்தல் தண்ணீரை அவர்கள் முன்னாலேயே குடித்து முடித்தேன். தங்கமணி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

பத்தாம் நம்பருக்கு மேலே வளைவில் ரோடு போகிறது. அருவி தெரியும் இடம். எட்டரைக்கு முதல் வேன் வந்து நின்றது. நானுஓயா ஸ்டேஷனில் இறங்கிய சுற்றுலாக்காரர்கள். கேமராக்களை எங்கள் பக்கம் திருப்பினார்கள். அது போவதற்குள் அடுத்த வேன். ஒருவன் ட்ரோன் ஒன்றைப் பறக்கவிட்டான். அது வண்டு மாதிரி எங்கள் தலைக்கு மேலே ரீங்காரமிட்டுச் சுற்றியது. எதிர்ப்பக்கம் ஐந்தாம் நம்பரில் அந்த மாதம்தான் கவ்வாத்து முடிந்திருந்தது. செடிகளை முழங்காலளவுக்கு வெட்டிவிட்டதால் ஒதுங்க ஒரு மறைவும் இல்லை. லயத்துக்கு இறங்கி ஏற முக்கால் மணி நேரம். அதற்குள் பறிக்கிற கொழுந்தின் நிறை குறைந்துவிடும், அரைப்பேர்தான் போடுவார்கள், பாதிச் சம்பளம்தான்.

ஒன்பதரைக்கு எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. பத்துக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை.

"என்ன மிஸ், ஆடுறீங்க?" என்றாள் தங்கமணி.

"சும்மா இருடி."

புஷ்பராணி என் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்: "இதுக்குத்தான் மிஸ் குடிக்கிறதில்ல. காலையில சாயத்தண்ணிகூட அரைக் கோப்பதான். வயித்துல புள்ளையும் அமுக்குது. படம் புடிக்கிறவன் முன்னால எப்புடி மிஸ் ஒக்காருறது?"

பகல் சாப்பாட்டுக்கு இறங்கும்வரை நான் பிடித்த பிடி எனக்குத்தான் தெரியும். வலியைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. நான் சிவப்பில் எழுதிக் கொடுத்ததைச் செய்ய அந்த மலையில் ஒரு பொம்பிளைக்கும் வழி இருக்கவில்லை.

4. பெரட்டுக் களத்தில்

அடுத்த நாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனேன். ஆண்களும் பெண்களும் நின்றார்கள். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கையில் புத்தகத்தோடு இருந்தார்.

"ஐயா, பத்தாம் நம்பர்ல பொம்பளைங்க ஒண்ணுக்குப் போக எடமில்ல. ஒரு மறைப்புக் கட்டித் தாங்க" என்றேன்.

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள்.

"என்ன மிஸ் இது? பெரட்டுல பேசுற விசயமா?"

"ஆஸ்பத்திரியில பேசி முடிச்சாச்சுங்கையா. இனி இங்கதான் பேசணும். அடக்கி அடக்கி நாலு பேருக்கு வியாதி. இந்தப் புஷ்பராணிக்கு ஒரு கொழந்த போயிருச்சு. இன்னொண்ணும் போகணுமா?"

"ரோட்டோரமா மறைப்புக் கட்டுனா பாக்குறதுக்கு அசிங்கமா இருக்குமே. டூரிஸ்ட் வர்ற எடம்."

"அவங்க படத்துல அசிங்கமா விழுந்தா விழட்டும். நம்ம புள்ளைங்க வயித்துல இருந்து விழக்கூடாது."

அப்போது பின்னாலிருந்து தங்கமணி, "ஆமாங்கையா, மிஸ் சொல்றது நெசந்தான்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு கேங் முழுக்க. கவ்வாத்து வெட்டும் ஆண்கள் வரிசையிலிருந்து புஷ்பராணியின் புருஷன் முன்னால் வந்தான். "கம்பு நாங்க நட்டுத் தர்றோங்கையா" என்றான்.

கண்டாக்கையா என்னை அழைத்துக்கொண்டு தோட்டத்து மேனேஜரான பெரிய துரையிடம் போனார். துரையிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதையே கூச்சமில்லாமல் மறுபடி சொன்னேன். அவர் காது சிவந்துபோனது. தார்ப்பாய் கொடுக்கச் சொன்னார். கர்ப்பிணிகளை லயத்துக்குக் கிட்டே உள்ள இரண்டாம் நம்பருக்கு மாற்றவும் சொன்னார். அந்த வாரமே குழி தோண்டி, கம்பு நட்டு, நீலத் தார்ப்பாய் கட்டி, கைகழுவ ஒரு வாளியும் வைத்தார்கள்.

5. கவிழ்ந்த போத்தல்

அந்த வாரக் கடைசியில் புஷ்பராணி பாதையில் என்னைப் பார்த்தாள். போத்தலைத் திறந்து கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டுதான் விழுந்தது. மறுபடி செய்த சோதனையில் தொற்று இல்லை. நாள் நிறைந்து, மூன்று கிலோவில் பெண் குழந்தை பெற்றாள். அதை முதலில் என் கையில்தான் கொடுத்தாள். நான் அழுதேன், மறைக்கவில்லை.

பிள்ளைகளே, கார்டில் புத்தி எழுதுவது சுலபம். எழுதுவதற்கு முன் அவள் நிற்கும் இடத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். போகும்போது ஒரு போத்தல் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.

நான் இப்போதும் அந்தப் பாதையில்தான் கடைக்குப் போகிறேன். பத்தாம் நம்பர் பெண்கள் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. தூரத்தில் என்னைக் கண்டதும் ஆளுக்கொரு போத்தலை எடுத்துக் கவிழ்த்துக் காட்டுகிறார்கள்.