சின்னம்மா பாடமாக்கிய லுசேர்ன்

இப்போதும் யாராவது சுவிஸ் படம் அனுப்பி ‘எவ்வளவு வடிவு’ என்று எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லுசேர்ன் நகரம் பாவம், அது எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆத்திரமெல்லாம் எங்கள் வீட்டு ஆட்கள் மேல்தான். என் மேலும்தான்.

அம்மாவின் தங்கையை, என் சின்னம்மாவை, லுசேர்னில் இருக்கும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பத்து நாள் லீவில் வந்தார், கலியாணத்தைப் பதிந்தார், திரும்பிப் போய்விட்டார். இனிச் சின்னம்மா விசா எடுத்துப் போகவேண்டும். கொழும்பில் நேர்முகம் இருக்கிறது என்றதும் அவர் அனுப்பியது கடிதமில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான இங்கிலிஷ் கையேடு ஒன்று!

“வெள்ளைக்காரர் ஊரைப் பற்றித்தான் கேப்பினம். இதை முழுக்கப் பாடமாக்கினாக் காணும்,” என்றார் அப்பா. கந்தோரில் கிளார்க் என்பதால் அரசாங்கங்கள் கேட்கும் கேள்வியெல்லாம் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

கேள்வி கேட்கும் வேலை எனக்கு. பதினொரு வயது, இங்கிலிஷ் வாசிப்பேன், வேறென்ன வேண்டும்? குசினி வாசலில் கதிரையைப் போட்டு, கோடு போடும் அடிமட்டத்தால் கதவில் தட்டித் தட்டிக் கேட்பேன். மரப்பாலத்துக் கூரைக்குக் கீழே என்ன? ஓவியங்கள். பழைய மதிலில் எத்தனை கோபுரம்? ஒன்பது. எந்த மணிக்கூடு மற்றதுகளுக்கு ஒரு நிமிடம் முந்தி அடிக்கும்? சின்னம்மா தேங்காய் துருவிக்கொண்டே பதில் சொல்லுவார். பிழைத்தால் திரும்பவும் முதலில் இருந்து. ஓர்ஸ் ஹில் மேட்டில் இருந்த எங்கள் வீட்டு ஜன்னலில் துறைமுகத்துத் தண்ணீர் பளபளவென்று தெரியும். அதை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் லுசேர்னிலிருந்து அவர் கோல் எடுப்பார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வீடே சுற்றி உட்காரும். அப்பா ஏரியில் ஓடும் கப்பலைப் பற்றிக் கேட்பார், அம்மா குளிரைப் பற்றிக் கேட்பார். கடைசியில் “இந்தாரும், நீரும் கதையும்” என்று அப்பா சின்னம்மாவிடம் நீட்டுவார். அத்தனை முகங்களுக்கு நடுவில் என்னத்தைக் கதைப்பது?

“சுகமா இருக்கிறீங்களோ?” என்பார் சின்னம்மா.

“ஓம்.”

அவ்வளவுதான். “வெக்கப்படுறா” என்று எல்லோரும் சிரித்தோம். நல்ல சிரிப்பு!

நேர்முகத்தில் லுசேர்னைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. உங்கள் கணவர் வேலை முடிந்து எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார், என்ன சாப்பாடு விருப்பம், கடைசியாக இரண்டு பேரும் எதைப் பற்றிக் கதைத்தீர்கள் என்றுதான் கேட்டார்களாம். முதல் இரண்டும் சின்னம்மாவுக்குத் தெரியாது. மூன்றாவதற்கு மரப்பாலத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இந்தக் கலியாணத்தை நம்ப முடியாது, விசா இல்லை என்று கடிதம் வந்தது.

“ஒரு மனிசனைக் கட்டிப்போட்டு இதுகூடத் தெரியாதோ?” என்று கத்தினார் அப்பா. வெட்கமில்லாமல் கேட்டார். நான் மட்டும் விட்டேனா? இவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தேனே என்ற கோபத்தில் கையேட்டைச் சின்னம்மாவின் மடியில் எறிந்தேன்.

சின்னம்மா அழவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“அவருக்கு என்ன சாப்பாடு விருப்பம் எண்டு உனக்குத் தெரியுமோடி?”

நான் கையேட்டைத் திரும்ப எடுத்து, சாப்பாட்டுக் கடைகள் இருந்த பக்கத்தைத் தேடத் தொடங்கினேன்.