ஓரம் வெட்டிய உறை

என் அலமாரியில் ஒரு இசைத்தட்டு உறை இருக்கிறது. பழுப்பு அட்டையில் செய்த சின்னப் பை. அதன் மேல் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை நாலு பக்கமும் கோணலாகக் கத்தரித்து ஒட்டியிருக்கும். படத்தில் நாலு பேர் உப்பளத்து வரப்பில் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பாட்டின் பெயரோ குழுவின் பெயரோ எங்கும் இல்லை. மூன்று மாதங்களுக்கு முன் சென்னையிலிருந்து ஓர் இளைஞர் இதைப் பார்ப்பதற்கென்றே தூத்துக்குடிக்கு வந்தார். கம்பெனி தயவில்லாமல் தாங்களே பாடித் தாங்களே தட்டுப் போட்டுக்கொண்ட பழைய ராக் குழுக்களின் தட்டுகளைத் தேடிச் சேர்க்கிறாராம். உறையை இரண்டு விரலால் நோகாமல் தூக்கிப் பிடித்து, “பேரே போடாம விட்டது, படத்தைக் கோணலா வெட்டி ஒட்டினது, இந்தப் பழுப்பு அட்டை, எல்லாம் அப்பவே யோசிச்சு செஞ்சதா சார்?” என்று கேட்டார். “ஆமாம்” என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன். வந்த பெருமையை வாசலோடு திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அவரிடம் சொல்லாத உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் ஓர் அச்சகத்தில் ஆர்ட்டிஸ்டாக இருந்தேன். ஆர்ட்டிஸ்ட் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உப்பு மூட்டைக்கு லேபிள், கருவாட்டுப் பெட்டிக்கு லேபிள், சோடாவுக்கு லேபிள், கோயில் கொடை நோட்டீஸ், மாதா கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, இவைதான் என் கலை. ஆள் குறைவான அச்சகம் என்பதால் படமும் போடுவேன், எழுத்தும் கோப்பேன். லேபிள் விஷயத்தில் எனக்கு ஒரு சட்டம் உண்டு: பத்தடி தள்ளி நிற்பவன் காதைப் பிடித்து இழுக்க வேண்டும். கிளி போட்டால் பச்சைப் பசேலென்று இருக்க வேண்டும். கடல்கன்னி போட்டால் பல் தெரியச் சிரிக்க வேண்டும். பெயர் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட “அந்தக் கிளி போட்ட உப்பு குடும்” என்று கேட்டு வாங்கிவிடுவார். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, வின்ச்மேன் வந்து நிற்கும் வரையில்.

கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வின்ச்சை ஓட்டுகிறவர் என்பதால் அவர் வின்ச்மேன். புன்னைக்காயல்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். கோயில் பாட்டுக் குழுவில் கித்தார் பழகியவர், ஒரு வெளிநாட்டு மாலுமியிடம் பெரிய சங்கு ஒன்றைக் கொடுத்து மின்சாரக் கித்தார் வாங்கிவிட்டார். துறைமுகத்து ஆட்கள் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு கல்யாண வீடுகளில் காது கிழிய வாசிப்பார். அந்த நாலு பேரும் மெட்ராஸுக்குப் போய், ஒரு ஸ்டுடியோவை அரை நாள் பிடித்து, சொந்தமாக இரண்டு தமிழ்ப் பாட்டுப் பாடி முந்நூறு தட்டு அடிக்க ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தார்கள். தட்டுகள் மொட்டை வெள்ளைக் காகிதத்தில்தான் வரும், உறை உங்கள் பாடு என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். “நீங்கதான் அண்ணாச்சி செய்யணும்” என்று வந்து நின்றார்.

கையில் ஆறேழு வெளிநாட்டுத் தட்டுகள் வைத்திருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஓர் உறையில் நாலு சடைத்தலையர்கள் செங்கல் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். பாதி முகம் இருட்டு. இன்னொன்றில் ஆளே இல்லை, ஒரு தண்டவாளம் மட்டும். பெயர் எறும்பு எழுத்தில் ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது. “உமக்குக் கிறுக்கா வே? மூஞ்சியையும் காட்ட மாட்டான், பேரையும் சொல்ல மாட்டான். எவன் வாங்குவான்?” என்றேன். அவர் சிரித்தார். “நாம கூப்பிடக் கூடாது அண்ணாச்சி. அவன் தேடி வரணும். சிரிச்சுக்கிட்டு நின்னோம்னா பல்பொடி விளம்பரம்னு நெனப்பான்.”

நான் சண்டைக்காரன், ஆனால் வேலை என்று வந்துவிட்டால் ஒழுங்காகப் பார்ப்பேன். ஸ்கேலை வைத்து ஒவ்வொரு உறையாக அளந்தேன். கறுப்பு எவ்வளவு, வெற்றிடம் எவ்வளவு, எழுத்து எந்த மூலையில், எல்லாம் குறித்தேன். அவர்களுக்கும் ஒரு சட்டம் இருப்பது தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பார்க்கும் இடத்தை இன்னொருவர் பார்க்கவில்லை. புதுச் சட்டை போட்டவர் ஒருவர்கூட இல்லை. கலர் தேவையே இல்லை என்கிற திமிர் எல்லாவற்றிலும் இருந்தது. பின்பக்கத்தில் மட்டும் கித்தார் யார், டிரம் யார், யாருக்கெல்லாம் நன்றி என்று பொடி எழுத்தில் வளவளவென்று எழுதித் தீர்க்கிறார்கள். மூன்றாம் நாள் எனக்கே அதில் ஒரு ருசி தட்டிவிட்டது. உப்பளத்து வரப்பில் நாலு பேரையும் நிறுத்திப் படம் எடுக்க வைத்தேன். போட்டோ ஸ்டுடியோக்காரர் பழக்கதோஷத்தில் “கொஞ்சம் சிரிங்க, கொஞ்சம் சிரிங்க” என்று உயிரை வாங்கினார். அவர் வாயை அடைப்பதுதான் அன்றைக்குப் பெரிய வேலையாக இருந்தது.

இந்தத் தட்டில் வின்ச்மேனுக்கு என்ன இவ்வளவு அக்கறை என்பதை அப்போதுதான் சொன்னார். அவருடைய அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன் சங்கு குளிக்கப் போய்த் திரும்பவில்லை. அன்றைக்கு அதே தோணியில் போகவேண்டிய தம்பி, ஒரு கல்யாணத்தில் கித்தார் வாசிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து அம்மா அவரிடம் பேசுவதில்லை. வார நாளெல்லாம் துறைமுகத்தில் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் சோறு போடுவாள், துணி துவைத்து வைப்பாள். வார்த்தை மட்டும் கிடையாது. “சோறு ஆறுதுன்னு கோழிட்ட சொல்லுதா அண்ணாச்சி. எங்கிட்ட சொல்ல மாட்டேங்கா.” முதல் பாட்டு அண்ணனைப் பற்றியது. கரையில் நின்று அம்மா கூப்பிட்ட கூப்பாட்டை அப்படியே அதில் வைத்திருந்தார். எந்தக் கித்தாரால் பேச்சு நின்றதோ அந்தக் கித்தாரை அம்மா ஒரு தடவை உட்கார்ந்து கேட்டால் போதும் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு வருஷப் பூசை. அதற்குள் தட்டும் உறையும் வேண்டும்.

படத்தை அச்சடிக்க வேண்டிய உலோக பிளாக் மதுரையிலிருந்து வந்தது. சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குக் கனத்த கறுப்பு பார்டர் கட்டினேன். அடியில் அந்தக் கறுப்புக்குள்ளேயே குழுவின் பெயரையும் பாட்டின் பெயரையும் எறும்பு எழுத்தில், வெள்ளையாகத் தெரியும்படி வைத்தேன். பார்டரைத் தேடி நான் எங்கும் போகவில்லை. எங்கள் அச்சகத்தில் கறுப்பு பார்டர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மூலைக் கட்டைகளை எடுத்தேன், நீளத்துக்கு ஈயப் பட்டைகளைச் சேர்த்தேன், பூட்டினேன். வியாழக்கிழமை காலை முதல் தாள் விழுந்ததும் அசந்துபோனேன். என் வேலையைப் பார்த்து நானே கண்கலங்கியது அன்றைக்கு ஒருநாள்தான். ஷிஃப்டுக்குப் போகிற வழியில் வின்ச்மேன் வந்தார். “அசல் ஃபாரின் அண்ணாச்சி!” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் ஊர்க்காரி ஒருத்தி கருவாடு விற்றுவிட்டு மதியத்துக்குள் ஊர் திரும்புகிறவள். அவசர அவசரமாக ஓர் உறையை நானே ஒட்டிக் கொடுக்க, முந்தின நாள்தான் மெட்ராஸிலிருந்து வந்திருந்த தட்டுகளில் ஒன்றை உள்ளே செருகி அவளிடம் கொடுத்து, “அம்மைட்ட குடுத்துரு” என்று அனுப்பினார். படத்தைப் பார்த்தாலாவது அம்மா கொஞ்சம் இளகட்டும் என்பது அவர் கணக்கு. பிறகு துறைமுகத்துக்குப் போய்விட்டார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, உறை ஒட்டுகிற அக்கா பசைச் சட்டியோடு வந்து உட்கார்ந்தாள். முதல் தாளை எடுத்தவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். தாளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “மாதாவே! நாலும் இளவட்டமால்லா இருக்கு. ஒரே தோணியா அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் ஒருவர் இறந்து முப்பதாம் நாள் பூசைக்குப் படம் போட்டு நினைவு அட்டை அடிப்பார்கள். வருகிறவர்கள் வாங்கிச் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். அதற்கென்று இருக்கிற பார்டர் அது. சாவு சொல்லிக்கொண்டா வருகிறது? அதனால்தான் அதைப் பிரித்துப் போடாமல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்போம். அந்தக் கறுப்பில் நான் அடித்த முகங்களுக்குக் கணக்கே கிடையாது. இருந்தும் அன்றைக்கு என் கண்ணுக்கு அது சாவாகத் தெரியவில்லை, ஃபாரினாகத் தெரிந்தது. வின்ச்மேனோ தன் அண்ணனுக்கே எங்கள் அச்சகத்தில் அந்தப் பார்டரில் அட்டை அடித்து வாங்கிப்போனவர். அவருக்கும் தெரியவில்லை. இரண்டு படித்த முட்டாள்கள்!

சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் பறந்தேன். கேட்டில் கெஞ்சிக் கூத்தாடி ஆளை வின்ச்சிலிருந்து இறக்கினேன். பாதி ஷிஃப்டில் இறங்கியதற்கு மேஸ்திரி போட்ட கூச்சல் ரோடு வரை கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் வின்ச்மேன் முகம் வெளிறியது. அவர் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பெயர் என்ன, பாட்டு என்ன என்று அவள் படிக்கப்போவதில்லை. படத்தைத்தான் பார்ப்பாள். ஆத்தூர் வரை பஸ். அங்கிருந்து வாடகை சைக்கிளில் நான் மிதிக்க, அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது. வீட்டு முற்றம் நிறையப் பெண்கள். நடுவில் அம்மா தலைமுடி அவிழ்ந்து, மடியில் உறையும் அதன் மேல் பெரிய மகனின் நினைவு அட்டையுமாக உட்கார்ந்திருந்தாள். “ஒரே மூல! இந்தா இங்கன ஒடஞ்சிருக்கு, அதுலயும் ஒடஞ்சிருக்கு! ரெண்டையும் கொண்டுட்டுப் போயிட்டியே சேசுவே!” என்று இரண்டையும் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் மூலைக் கட்டை ஒன்றில் ஒரு சின்ன உடைசல் உண்டு. பல வருஷம் கையாண்ட என் கண்ணில் அது பட்டதேயில்லை. கருவாட்டுக்காரி பாவம், “காலையில நல்லாத்தான் இருந்தான் மைனி, நான் பாத்தேனே” என்று கத்திக்கொண்டிருந்தாள். கேட்க ஆள் இல்லை.

வின்ச்மேன் முற்றத்தில் வந்து நின்றார். ஒப்பாரி வெட்டினாற்போல் நின்றது. அம்மா பார்த்தாள். எழுந்தாள். மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்தாள். பிறகு விழுந்தது பாருங்கள் அடி! “ஏலே பாவி! சண்டாளா! உசுரோட இருந்துக்கிட்டுக் கறுப்பு கட்டி அனுப்புதியோ? ஒன்னயும் கடல்ல குடுத்துட்டேன்னு நெனச்சேனடா! சாப்பிட்டியாலே? மூஞ்சியப் பாரு, தின்னியா இல்லியா?” மூன்று வருஷப் பேச்சு முழுவதும் அடியோடு சேர்ந்து இறங்கியது. அவர் தடுக்கவே இல்லை. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். நானும் அழுதேன். எனக்கும் இரண்டு விழுந்தது, நியாயமான அடி.

மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு கத்தரிக்கோல் கேட்டாள். தட்டை உருவித் தரையில் வைத்துவிட்டு, கறுப்பை நாலு பக்கமும் வெட்டி எடுத்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்து வெட்டியதால் கோணல் மாணலாகப் போனது. கறுப்போடு பெயரும் போயிற்று, ஒட்டிய ஓரமெல்லாம் போய் உறை இரண்டு தாளாகக் கழன்று விழுந்தது. வெட்டிய கறுப்பை அடுப்பில் போட்டாள். படத்தை என்னிடம் நீட்டி, “மத்த பிள்ளையளுக்கும் அம்மை இருக்கால்லா? எல்லாத்தையும் இந்த மாதிரி வெட்டிரும்” என்றாள். மீதி எல்லாவற்றையும் அதே மாதிரி வெட்டினேன். பிறகு தட்டை வைக்கப் பை வேண்டுமே. உப்புப் பொட்டலத்துக்கு வைத்திருந்த பழுப்பு அட்டையை மடித்துப் பையாக்கி, படங்களை அதன் மேல் ஒட்டினோம். அம்மா கையால் வெட்டிய படத்தை ஒட்டிய உறையை மட்டும் நான் எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன். நான் இழைத்து இழைத்து வைத்த பெயர் ஒன்றில்கூட இல்லை. வின்ச்மேன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இப்பத்தான் அண்ணாச்சி அசலா இருக்கு” என்றார். பூசை முடிந்த மறுநாள், அம்மா பாட்டைக் கேட்டாளா என்று விசாரித்தேன். “எங்கன போட? அவ வாய மூடினாத்தான? பேசிட்டே இருக்கா” என்றார். எனக்குத் தெரிந்து கடைசி வரை அவள் அந்தப் பாட்டைக் கேட்கவில்லை. தட்டுகளும் பெரிதாக விற்கவில்லை.

போன மாதம் வின்ச்மேன் போய்ச் சேர்ந்தார். முப்பதாம் நாள் அட்டைக்கு அவர் மகள் என்னைத்தான் கேட்டாள். படம் அந்த உறைப் படமாகவே இருக்கட்டும் என்றும் சொன்னாள். உறையை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஒரு கடைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண் அதை ஸ்கேன் செய்து, வின்ச்மேனை மட்டும் பெரிதாக்கித் திரையில் வைத்தாள். சுற்றிலும் கறுப்பு வந்து உட்கார்ந்தது. “இது எதுக்கும்மா?” என்றேன். “நினைவு அட்டைன்னு போட்டா அதுவாவே வரும் சார். எப்பவும் ரெடியா இருக்கும்” என்றாள்.

இறந்தவருக்குக் கறுப்பு போடலாம், தப்பில்லை. எனக்கு மனசு வரவில்லை. எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தாள். படம் நாலு பேரோடும் முழுதாக இருக்கட்டும் என்றேன், அப்படியே வைத்தாள். பிறகு, “ஓரமெல்லாம் கோணலா இருக்கே சார், நேராக்கிரட்டுமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும்” என்றேன். “அது அவங்க அம்மா வெட்டினது.”